பழைய பிக்கப் வாங்கப் போகிறீர்களா? முதலில் பானெட்டில் கை வையுங்கள்

கேள்வி இதுதான். ஏர்கான் பொருத்தும் வேலையில் இத்தனை நாள் சம்பளத்துக்கு இருந்த தம்பி ஒருவர் இப்போது தனியாகத் தொழில் தொடங்குகிறார். கூட இரண்டு ஊழியர்கள். பழைய டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை) பிக்கப் ஒன்று வேண்டும், கையில் 40,000 சிங்கப்பூர் வெள்ளி. டொயோட்டா ஹைலக்ஸ், இசூசு டி-மேக்ஸ், மிட்சுபிஷி டிரைட்டன், நிசான் நவாரா, ஃபோர்ட் ரேஞ்சர் எல்லாவற்றையும் அலசிவிட்டு இரண்டு விளம்பரங்களைப் பிடித்து வைத்திருக்கிறார். ஒன்று, 2015-இல் பதிவான டி-மேக்ஸ், 2.5 லிட்டர் எஞ்சின். ஓட்டம் 210,000 கிலோமீட்டர். சிஓஇ, அதாவது வண்டியை இத்தனை ஆண்டு வைத்திருக்கலாம் என்ற அரசு உரிமம், ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தது, இன்னும் நான்கு ஆண்டு மீதி, விலை 38,000. மற்றது 2018 ஹைலக்ஸ் 2.4. ஓட்டம் 90,000, சிஓஇ இரண்டரை ஆண்டு, விலை 27,000. எந்த பிராண்டை நம்பலாம் என்று கேட்கிறார்.

நான் இருபது ஆண்டுக்கு மேலாக டீசல் வண்டிகளோடுதான் பிழைக்கிறேன். முதலில் ஒர்க்ஷாப், இப்போது ஒரு தோட்டப் பராமரிப்பு கம்பெனியின் வண்டிகளைக் கவனிக்கிற வேலை. ஒரே சொல்லில் பதில் வேண்டுமென்றால் இசூசு. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு காக்கி புக்கிட் பழைய வண்டிக் கடைகளுக்குப் போய் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இணையத்தில் நம்பகத்தன்மைப் பட்டியல் என்று தேடினால் வருவதில் பாதி அமெரிக்கப் பட்டியல். எஃப்-150, சில்வராடோ, ராம் என்று பெரிய பெட்ரோல் எஞ்சின் வண்டிகள். அவற்றைப் படித்து நமக்கு ஒரு பயனும் இல்லை. அங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவுவார்கள், வண்டியின் சேசிஸ் துருப்பிடித்தே சாகும். இங்கே உப்பும் இல்லை, பனியும் இல்லை. நம் வண்டிகள் வேறு விதமாகச் சாகின்றன. காலையில் செங்காங்கில் கிளம்பி, ஒரு பிளாக்கின் கீழே அரை மணி நேரம் ஏர்கானைப் போட்டுக்கொண்டு நின்று, அடுத்த பிளாக்குக்கு நகர்ந்து, மறுபடி நின்று என்று எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், மீட்டரோ ஏறாது. அதனால் இந்த ஊரில் 90,000 கிலோமீட்டர் என்ற எண்ணை அப்படியே நம்பக் கூடாது. துவாஸுக்கும் சாங்கிக்கும் தினமும் விரைவுச்சாலையில் ஓடிய 200,000 கிலோமீட்டர் வண்டி, அந்த 90,000 வண்டியைவிட உள்ளே சுத்தமாக இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இது முழுக்க சிங்கப்பூர் விவகாரம். நீங்கள் வாங்குவது வண்டியை அல்ல, மீதமுள்ள சிஓஇ மாதங்களை. சரக்கு வாகனங்களுக்கான சி பிரிவு சிஓஇ சில ஆண்டுகளாகவே 60,000 வெள்ளிக்கு மேல் நிற்கிறது. பயணிகள் காரைப் பதிவிலிருந்து நீக்கும்போது கிடைக்கிற பார்ஃப் தள்ளுபடியும் சரக்கு வாகனத்துக்குக் கிடையாது. ஆக, கேட்கிற விலையை மீதி ஆண்டால் வகுத்துப் பாருங்கள். டி-மேக்ஸ் ஆண்டுக்கு 9,500 வெள்ளி, ஹைலக்ஸ் ஆண்டுக்கு 10,800. விலை குறைவாகத் தெரிகிற ஹைலக்ஸ்தான் உண்மையில் கூடுதல். அடுத்து, நம்பகத்தன்மையையும் இதே கணக்கில் வையுங்கள். ‘இந்த எஞ்சின் ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடும்’ என்று விற்பவர் சொன்னால் அது உங்களுக்கு வேண்டாத பேச்சு. நீங்கள் ஓட்டப்போகும் அந்த இரண்டரை அல்லது நான்கு ஆண்டுக்குள் அடுத்த பெரிய செலவு வந்து விழுமா, விழாதா? கேள்வி அவ்வளவுதான். ஒவ்வொரு பிராண்டிலும் அந்தப் பெரிய செலவு ஒவ்வோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது.

டொயோட்டாவிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது அதைத்தான். 2004-இலிருந்து 2015 வரை வந்த ஹைலக்ஸ், நம் ஆட்கள் இன்னும் ‘விகோ’ என்பார்கள், அதில் 2.5 மற்றும் 3.0 டீசல் எஞ்சின்கள். கேடி எஞ்சின் என்பது இவைதான். உழைப்பாளி எஞ்சின், சந்தேகமில்லை. ஆனால் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் ஒரு செம்பு வாஷர் இருக்கிறது. சின்னது, விலையும் பெரிதல்ல. அது கசியத் தொடங்கினால் எரிந்த வாயு மேலேறி ராக்கர் கவருக்குள் போகும். ஆயில் கருகி, கரி கட்டிகட்டியாகத் திரண்டு, கீழே ஆயில் தொட்டியில் இருக்கும் வடிகட்டி வலையை அடைத்துவிடும். அப்புறம் பம்புக்கு ஆயில் போகாது, எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஓட்டுபவர்களுக்குக் கடைசி நிமிடம் வரை ஒன்றும் தெரியாது, ஆயில் மாற்றும்போது மட்டும் ஆயில் வழக்கத்தைவிடக் கருத்து, தார் போல இருக்கும். 3.0 எஞ்சினில் இது உலகம் முழுக்கத் தெரிந்த வியாதி. வாஷரைக் காலத்தோடு மாற்றியவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. மாற்றாதவருக்கு எஞ்சினே போகும்.

அதே எஞ்சினில் டைமிங் பெல்ட்டும் உண்டு, வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பட்டை. சில நாடுகளில் 100,000, சில நாடுகளில் 150,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். நேரம் வந்தால் மீட்டரில் ‘டி-பெல்ட்’ என்று ஒரு விளக்கு எரியும். இங்கேதான் வேடிக்கை. பெல்ட்டை மாற்றாமலே அந்த விளக்கை மட்டும் அணைத்துவிட முடியும், இரண்டு நிமிட வேலை. விளக்கு எரியவில்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள்.

2015-க்குப் பிறகு வந்த ஹைலக்ஸில் ஜிடி எஞ்சின், 2.4 அல்லது 2.8. பெல்ட் போய் செயின் வந்துவிட்டது, இன்ஜெக்டர் தொல்லையும் குறைந்தது. பதிலுக்கு வேறொன்று வந்தது, டிபிஎஃப். புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. பிடித்த கரியை அவ்வப்போது தானே எரித்துத் தள்ள வேண்டும். அதற்குப் புகைக்குழாய் சுமார் 600 டிகிரிக்குச் சூடாக வேண்டும், வண்டி நிற்காமல் இருபது நிமிடமாவது ஓட வேண்டும். ஆஸ்திரேலியாவில் இது நீதிமன்றம் வரை போனது. 2015 அக்டோபரிலிருந்து 2020 ஏப்ரல் வரை அங்கே விற்ற ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகளின் டிபிஎஃப் குறைபாடுள்ளது என்று 2022-இல் தீர்ப்பு வந்தது. 260,000-க்கும் மேற்பட்ட வண்டிகள். அங்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு நெடுஞ்சாலை கிடக்கிறது, அங்கேயே அப்படி. நம் தீவு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஐம்பது கிலோமீட்டர். அதிலும் சிறு சரக்கு வாகனத்துக்கு விரைவுச்சாலையில் 70-க்கு மேல் போக அனுமதி இல்லை. பிளாக் பிளாக்காக நின்று நின்று போகிற ஏர்கான் வேலைக்கு டிபிஎஃப் பரம எதிரி.

இது டொயோட்டாவை மட்டும் சொன்னதல்ல. 2018 ஜனவரியிலிருந்து சிங்கப்பூரில் பதிவாகும் புது டீசல் வண்டிகள் யூரோ 6 என்ற புகை மாசுத் தரத்தில் இருக்க வேண்டும். டிபிஎஃப் இல்லாமல் அந்தத் தரம் வராது. அதற்கு முந்தைய சில யூரோ 5 வண்டிகளிலும் இருக்கும். எனவே ‘புதிய வண்டி, அதனால் நல்ல வண்டி’ என்ற கணக்கு டீசலில் செல்லாது.

இசூசுவை ஏன் முதலில் சொன்னேன்? எஞ்சின் சாகாவரம் பெற்றது என்பதால் அல்ல. டி-மேக்ஸின் 3.0 எஞ்சின், அதாவது 4ஜேஜே1, இசூசுவின் சிறிய லாரிகளிலும் ஓடுகிற எஞ்சின். 2.5 அதன் தம்பி. லாரியை இழுக்கிற எஞ்சினை ஒரு டன் பிக்கப்பில் போட்டால் அது நாள் முழுக்க வியர்க்காமல் ஓடும். அதைவிட முக்கியம், இந்த ஊரில் இசூசு லாரி எத்தனை ஓடுகிறது என்று காலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு தொழிற்பேட்டை வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள். அத்தனைக்கும் பார்ட்ஸ் வேண்டும், அத்தனையும் பிரிக்கத் தெரிந்த கை வேண்டும். சின் மிங்கிலோ உபியிலோ எந்த ஒர்க்ஷாப்பில் விட்டாலும் ‘தெரியாது’ என்று சொல்ல மாட்டார்கள். தொழில் செய்பவருக்கு நம்பகமான வண்டி என்பது கெடாத வண்டி மட்டுமல்ல. கெட்டால் மறுநாள் காலையில் திரும்பி வருகிற வண்டி.

டைமிங்குக்கு பெல்ட் இல்லை, செயின்தான். குறை இல்லாமல் இல்லை. டீசல் பம்பில் எஸ்சிவி என்ற ஒரு வால்வு உண்டு. அது களைத்துப்போனால் வண்டி நிற்கும்போது எஞ்சின் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும், சில நேரம் சிக்னலில் அணைந்தும் போகும். இதை இசூசுவின் குறை என்பதும் நியாயமில்லை. பம்பும் இன்ஜெக்டரும் டென்சோ கம்பெனி செய்தவை, அதே டென்சோதான் அந்தக் காலத்து டொயோட்டா, மிட்சுபிஷி, நிசான் பிக்கப்புகளிலும். வெளியே பெயர்ப்பலகை வேறு வேறு, உள்ளே ஒரே கடைச் சரக்கு. போதாததற்கு இந்த ஐந்து பிக்கப்புகளுமே பெரும்பாலும் தாய்லாந்தில் கட்டப்பட்டவை. ‘ஜப்பான் வண்டி தம்பி’ என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். டி-மேக்ஸ் உள்ளே உட்கார்ந்தால் பிளாஸ்டிக் கொஞ்சம் லொடலொட என்றிருக்கும், சத்தமும் கூடுதல். அதற்காக யாரும் ஏர்கான் வேலையை விட்டுவிடப் போவதில்லை.

டிரைட்டன் என் கணக்கில் விலைக்கு நல்ல வண்டி, டொயோட்டா பெயருக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் இதில் மிச்சம். ஆனால் 2015-க்கு முந்தைய 2.5 எஞ்சின் என்றால் பெரிய டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் சின்ன பெல்ட் ஒன்றும் இருக்கிறது, எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்கானது. காசை மிச்சம் பிடிக்கப் பெரியதை மட்டும் மாற்றி, சின்னதை அப்படியே விட்டுவிடுவார்கள். அந்தச் சின்னது அறுந்து பெரியதற்குள் சிக்கினால் வால்வு, ராக்கர் எல்லாம் நொறுங்கும். இரண்டையும் சேர்த்து மாற்றிய பில் இருந்தால் தைரியமாக வாங்கலாம். அதற்குப் பிறகு வந்த 2.4 எஞ்சினில் செயின்தான், ஆனால் பிளாக் அலுமினியம். சூடு ஏற விட்டால் மன்னிக்காது.

நவாராவில் பழைய டி40, அதாவது 2005-இலிருந்து சுமார் 2015 வரை வந்தது, எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை. 2.5 எஞ்சினின் டைமிங் செயின் தேய்ந்து தளர்வது அதன் பேர்போன குறை. செயின் என்றாலே ஆயுள் முழுக்க என்று நம்பி ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டவர்களுக்குத்தான் முதலில் வந்தது. பிரிட்டனில் அந்த வண்டியின் சேசிஸே துருப்பிடித்து முறிந்ததாகப் பெரிய சர்ச்சை நடந்தது, அது அவர்கள் ஊர் உப்பால், நமக்குக் கவலையில்லை. புது நவாராவில் எஞ்சின் பரவாயில்லை. பின்பக்கம் லீஃப் (பட்டை) ஸ்பிரிங்குக்குப் பதில் காயில் (சுருள்) ஸ்பிரிங் போட்ட டபுள் கேப் வகை பாரம் ஏற்றினால் உட்கார்ந்துவிடுகிறது என்று ஆஸ்திரேலியாவில் புகார் எழுந்து, நிசானே 2017, 2018 என்று இரண்டு தடவை ஸ்பிரிங்கை மாற்றியது. காம்ப்ரசரும் செப்புக் குழாயும் ஏணியும் ஏற்றுபவர் அதைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

ரேஞ்சர் ஓட்டச் சுகம், ஐந்திலும் சிறந்த இருக்கை அதில்தான். பழையதாக வாங்க மட்டும் தயங்குவேன். 2.2, 3.2 எஞ்சின்களில் ஒரு விசித்திரம். ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலை வடித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே விட்டால், பத்து நிமிடம் என்பது கணக்கு, ஆயில் பம்பு காற்றுப் பிடித்து மறுபடி ஆயிலை இழுக்காமல் போய்விடும். எஞ்சின் வறண்டு ஓடும். ஆயிலை வடிய விட்டுவிட்டு டீக்கடைக்குப் போகிற ஒர்க்ஷாப் பழக்கத்துக்கு இது ஒத்துவராது. முந்தைய சொந்தக்காரரின் மெக்கானிக்குக்கு இது தெரியுமா என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? 3.2-இல் எஞ்சினுக்குத் திரும்புகிற புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலர் விரிசல் விட்டு, ரேடியேட்டரின் கூலன்ட் திரவம் எஞ்சினுக்குள் போவதும் தெரிந்த கதை. மாஸ்டா பிடி-50 விலை குறைவாகக் கிடைக்கிறதே என்றால், 2020-க்கு முந்தையது உள்ளுக்குள் ரேஞ்சர்தான், பிந்தையது டி-மேக்ஸ்.

இனி பிராண்டை மறந்துவிட்டு என் சொந்த அனுபவம் ஒன்று. சில ஆண்டுக்கு முன் எங்கள் கம்பெனிக்கு ஒரு பழைய பிக்கப் வாங்கினோம். என்ன வண்டி என்பது வேண்டாம், ஐந்தில் எதுவாக இருந்தாலும் இதே கதிதான். வெளியே புதுப் பெயின்ட், மீட்டரில் ஓட்டமும் குறைவு. போய்ப் பார்த்த நாளில் எஞ்சினை ஏற்கெனவே ஓட்டிச் சூடாக வைத்திருந்தார்கள். சூடாக இருக்கிறதே என்று ரேடியேட்டர் மூடியைத் திறக்காமல் விட்டது என் தப்பு. மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் டிரைவர் போன் செய்தார், “அண்ணே, சூடு முள்ளு மேலே போயிடுச்சு, வண்டி இழுக்க மாட்டேங்குது.” தீவு விரைவுச்சாலையில், ஜாலான் பஹார் பக்கம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து பக்கத்துக் கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்து விட்டது. அதற்கு மேல் எல்லாம் நம் செலவு. திறந்து பார்த்தால் ரேடியேட்டரில் கூலன்டே இல்லை. செங்காவி நிறத்தில் தண்ணீர், குழாய்த் தண்ணீர். முந்தையவர் ஆண்டுக்கணக்கில் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வளைந்துபோயிருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வழக்கம். வண்டி பார்க்கப் போகும்போது ‘நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள்’ என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். போனதும் சாவி வாங்குவதற்கு முன் பானெட்டில் உள்ளங்கையை வைப்பேன். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுவேன், சண்டை எதற்கு. குளிர்ந்திருந்தால் ரேடியேட்டர் மூடி, பிறகு கூலன்ட் நிறம், பிறகு ஆயில் குச்சி. அப்புறம் ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நான் முன்னால் நின்று கேட்பேன். முதல் இரண்டு மூன்று விநாடிதான் எல்லாம். செயின் தளர்ந்திருந்தால் டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சலசலப்பு வந்து, ஆயில் அழுத்தம் ஏறியதும் அடங்கிவிடும். சூடான எஞ்சினில் அது கேட்கவே கேட்காது. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து அதன் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால், புகை குபுகுபு என்று வந்தால், உள்ளே வாயு கசிகிறது.

கீழே குனிந்து லீஃப் ஸ்பிரிங்கைப் பாருங்கள். கம்பெனி போட்ட பட்டைக்கு மேல் கூடுதலாக ஒன்றிரண்டு சேர்த்திருந்தால், அந்த வண்டி சிமென்ட்டோ இரும்போ சுமந்திருக்கிறது. பிரேக் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, மீட்டரில் 90,000 என்றால் யாரோ பொய் சொல்கிறார்கள். ஒன்று மீட்டர், இல்லையென்றால் விற்பவர். லாக் கார்டில், அதாவது வண்டியின் பதிவு விவரத்தில், எத்தனை கை மாறியது என்று பாருங்கள், ஒரே கம்பெனியிடம் பத்தாண்டு இருந்த வண்டிக்கு நான் கூடுதல் விலைகூடக் கொடுப்பேன், சர்வீஸ் தாள்களும் பெரும்பாலும் கிடைக்கும். கடைசியாக விக்காம், எஸ்டிஏ மாதிரி வாகனச் சோதனை நிலையத்தில் பணம் கட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

சரி, உங்கள் இரண்டு வண்டிகளுக்கு வருவோம். 2018 ஹைலக்ஸில் டிபிஎஃப் இருக்கும். முந்தையவர் என்ன வேலைக்கு ஓட்டினார் என்று கேளுங்கள். உங்களைப் போலவே நின்று நின்று ஓடிய வண்டி என்றால் எனக்கு வேண்டாம், கம்ப்யூட்டர் போட்டுக் கரி அளவு பார்த்த பிறகும் வேண்டாம். விரைவுச்சாலை வண்டி என்றால் யோசிக்கலாம், ஆனால் உங்கள் கையில் அது விரைவுச்சாலை வண்டியாக இருக்கப் போவதில்லையே. டி-மேக்ஸ் பத்தாண்டு தாண்டியது, ஆண்டுக்கு ஒன்று அல்ல, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும், அந்த அரை நாள் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிலும் டிபிஎஃப் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். 210,000 கிலோமீட்டருக்கு கிளட்ச் மாற்றியிருக்கிறார்களா, எஸ்சிவி மாற்றியிருக்கிறார்களா, கூலன்ட் என்ன நிறம்? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் 36,000 என்று தொடங்கிப் பேசுங்கள். முடிகிற விலை 38,000-க்குள் இருந்தால் மிச்சத்தைச் செலவழிக்காமல் வண்டிக்கென்றே ஒதுக்கி வையுங்கள், முதல் ஆறு மாதத்தில் ஏதாவது ஒன்று கேட்கும். போய்ப் பார்க்கிற நாள் சனிக்கிழமை காலையாக இருக்கட்டும், கடை திறக்கிற நேரத்தில் போனால்தான் எஞ்சின் குளிர்ந்திருக்கும்.